மூடத் தெரிந்த அட்டை: வீட்டிலேயே பாப்-அப் வாழ்த்து செய்வது எப்படி

பாப்-அப் அட்டை செய்யப் போகிற எல்லோரும் அது திறக்கும்போது எப்படி இருக்கும் என்றுதான் யோசிப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மகளின் பிறந்தநாளுக்காக ஒரு பெரிய மரம் வரைந்து, இலை இலையாக வெட்டி, அழகாக நிற்க வைத்து ஒட்டினேன். திறந்து வைத்தால் மிக அருமையாக இருந்தது. மூடினேன், தண்டு நடுவில் கசங்கி, கிளைகள் அட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. இரண்டு இரவு வேலை போனது. அன்றைக்கு ஒன்று புரிந்தது: அட்டை ஒழுங்காக மூடினால் போதும், திறப்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். கீழே சொல்கிற எல்லாமே அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

முதலில் காகிதம். பிரிண்டருக்கு வாங்குகிற 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்கிற கணக்கு) தாள் இதற்குச் சரிப்படாது, நிற்காமல் துவண்டு விழும். உள்ளே எழுந்து நிற்கிற பகுதிக்கு 160 முதல் 200 ஜிஎஸ்எம் வரை, வெளி அட்டைக்கு 220 அல்லது 250 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கனமானது வேண்டாம், மடிப்பில் வெடிக்கும். ஆனால் மெல்லிய தாளைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த வடிவத்தையும் முதலில் அதில் ஒரு தடவை வெட்டி மடித்துப் பாருங்கள், அளவு சரியாக வந்த பிறகு நல்ல தாளில் கை வையுங்கள். இந்த ஒத்திகையைத் தவிர்த்தவர்கள்தான் அதிகம் காகிதம் வீணாக்குவார்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று, காகிதத்துக்கும் மரம் மாதிரி இழை ஓட்டம் உண்டு. தாளை மடிக்காமல் இரண்டு விளிம்பையும் பிடித்து லேசாக வளைத்துப் பாருங்கள், ஒருமுறை நீளவாக்கில், ஒருமுறை குறுக்குவாக்கில். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்த வளைவின் கோடுதான் இழையின் திசை. அட்டையின் நடு மடிப்பு அந்தத் திசையிலேயே வந்தால் மடிப்பு கத்தி மாதிரி கூர்மையாக விழும். இழைக்குக் குறுக்கே மடித்தால் ஓரம் பிசிறும், கலர் தாளாக இருந்தால் உள்ளே இருக்கிற வெள்ளை தெரியும்.

கருவிகள் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டர், ஸ்டீல் ஸ்கேல், அடியில் வைக்க ஒரு தடித்த அட்டை, கத்தரிக்கோல், பென்சில், பசை. பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து கட்டரை இழுக்க வேண்டாம், கட்டர் ஸ்கேலையே சீவிக்கொண்டு விரலுக்கு வந்துவிடும். பிளேடின் முனை மழுங்கியதும் ஒரு துண்டை உடைத்துவிட்டுப் புது முனையில் வெட்டுங்கள். மழுங்கிய பிளேடு வெட்டாது, தாளைப் பிய்க்கும். மடிப்புக் கோடுகளுக்கு மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாதான் என் கணக்கில் மிகச் சிறந்த கருவி. ஸ்கேலை வைத்து அந்தப் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுங்கள், தாளில் பள்ளம் விழும், பிறகு மடித்தால் அந்தக் கோட்டிலேயே மடியும். கோடு இழுக்காமல் கையால் மடித்த அட்டை கோணாமல் வந்ததை நான் பார்த்ததே இல்லை.

சரி, முதல் அட்டைக்கு வருவோம். ஒரு ஏ4 தாளை எடுத்து நடுவில் மடியுங்கள். 29.7 செ.மீ. நீளம் பாதியாகி, 21 செ.மீ. அகலமும் கிட்டத்தட்ட 14.8 செ.மீ. உயரமும் உள்ள இரண்டு பக்கங்கள் கிடைக்கும். மடித்த நிலையிலேயே, மடிப்பு விளிம்பிலிருந்து உள்நோக்கி 4 செ.மீ. நீளத்துக்கு இரண்டு வெட்டு போடுங்கள், இரண்டுக்கும் நடுவே 3 செ.மீ. இடைவெளி. இப்போது ஒரு பட்டை கிடைத்திருக்கும். வெட்டுகள் முடிகிற இடத்தை ஒரு கோடாக நினைத்து, அந்தப் பட்டையை முன்னே ஒரு தடவை, பின்னே ஒரு தடவை நன்றாக மடித்து எடுங்கள். தாளைப் பாதி திறந்து, பட்டையை விரலால் உள்பக்கமாகத் தள்ளுங்கள், தள்ளிய நிலையிலேயே அட்டையை மூடி நன்றாக அழுத்துங்கள். திறந்தால் ஒரு சின்னப் படிக்கட்டு மாதிரி பெட்டி எழுந்து நிற்கும். அவ்வளவுதான். அதன் முன்பக்கத்தில் எந்தப் படத்தை ஒட்டினாலும் அது அட்டையிலிருந்து எழுந்து வரும். ஆறு ஏழு வயதுக் குழந்தைகூட கத்தரிக்கோலால் செய்யக்கூடியது இது, ஏனென்றால் மடித்த விளிம்பிலிருந்து வெட்டுவதால் கட்டர் தேவையே இல்லை.

அடுத்தது, பெட்டியின் உயரமும் ஆழமும் வேறு வேறாக வேண்டும் என்றால். இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுவார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உதாரணமாக 6 செ.மீ. உயரம், 3 செ.மீ. ஆழம் உள்ள பெட்டி. தாளைத் திறந்து தட்டையாக வையுங்கள், நடு மடிப்பு படுக்கைவாட்டில் இருக்கட்டும். நடு மடிப்புக்கு மேலே 6 செ.மீ. தூரத்தில் ஒரு மடிப்புக் கோடு, கீழே 3 செ.மீ. தூரத்தில் ஒன்று. இரண்டையும் இணைத்து இரு பக்கமும் வெட்டினால் 9 செ.மீ. நீளப் பட்டை. இந்தப் பட்டை உடைந்து முன்னே வருகிற மடிப்பு எங்கே வர வேண்டும்? மேல் கோட்டிலிருந்து 3 செ.மீ. கீழே. அப்போதுதான் பெட்டியின் மேல்தளம் 3, முன்பக்கம் 6 என்று வரும். அதாவது, மேல்தளம் தரையின் ஆழத்துக்குச் சமம், முன்பக்கம் பின்சுவரின் உயரத்துக்குச் சமம். எதிரெதிர் பக்கங்கள் சமமாக இருக்கும் வரை பெட்டி எந்தக் கோணத்திலும் சாய்ந்து சாய்ந்து மூடும், ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் ஏதாவது ஒரு பக்கம் கசங்கும். பட்டை இருக்கிற இடத்தில் மட்டும் பழைய நடு மடிப்பு வேலை செய்யாது, அதனால் முதலிலேயே தாள் முழுக்க மடித்துவிடாமல் பட்டைக்கு இரு பக்கமும் மட்டும் நடு மடிப்பை அழுத்துங்கள்.

இப்போது மூடுகிற கணக்கு. இந்தப் பெட்டியை மூடும்போது அதன் முன் விளிம்பு நடு மடிப்பிலிருந்து எவ்வளவு தூரம் போகும் என்றால், உயரமும் ஆழமும் சேர்ந்த தூரம், இங்கே 9 செ.மீ. பக்கம் 14.8 இருக்கிறது, பிரச்சினை இல்லை. முன்பக்கத்தில் அடியிலிருந்து மேலே போகிற மாதிரி ஒரு படம் ஒட்டினால், படத்தின் உயரத்தோடு பெட்டியின் ஆழத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தொகை பக்கத்தின் உயரத்தைத் தாண்டக் கூடாது. 3 செ.மீ. ஆழப் பெட்டியில் 11 செ.மீ. உயரம் வரை படம் வைக்கலாம், 12 வைத்தால் தலை வெளியே எட்டிப் பார்க்கும். என் மரம் கெட்டது இந்தக் கூட்டல் தெரியாமல்தான்.

பெட்டியிலிருந்து பெட்டி எடுக்கலாம் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பெட்டிக்கும் தரைக்கும் நடுவே ஒரு பள்ள மடிப்பு உருவாகியிருக்கிறது பாருங்கள், அதை ஒரு புது நடு மடிப்பாக நினைத்து அதன் மேல் இன்னொரு சின்னப் பெட்டியை வெட்டுங்கள், அதன் பள்ளத்தில் இன்னொன்று. படிப்படியாக ஒரு கட்டடமே எழும். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் மசாஹிரோ சதானி 1980களில் இந்த வழியில்தான் ஒரே தாளிலிருந்து, ஒட்டாமல், வெட்டும் மடிப்பும் மட்டும் வைத்து முழுக் கட்டடங்களை எழுப்பிக் காட்டினார். வெறும் வெள்ளைத் தாளில் அப்படி ஒன்று செய்து வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நிழலே வண்ணம் தீட்டிவிடும்.

குழந்தைகளோடு உட்கார்ந்து செய்ய இன்னும் எளிதானது வாய் அட்டை. மடித்த தாளில் மடிப்பு விளிம்பிலிருந்து ஒரே ஒரு வெட்டு, 4 செ.மீ. போதும். வெட்டின் இரண்டு ஓரத்தையும் முக்கோணமாக மடித்துத் திருப்பி எடுங்கள், பிறகு திறந்து இரண்டையும் உள்ளே தள்ளுங்கள். அட்டையைத் திறந்து மூடினால் ஒரு அலகு பேசும். சுற்றிலும் பறவையோ தவளையோ வரைந்துவிட்டால் முடிந்தது.

இதுவரை சொன்னவை அட்டையைச் செங்கோணத்தில் பாதி திறந்து வைத்தால்தான் அழகு, முழுவதும் விரித்தால் பெட்டி தட்டையாகிவிடும். புத்தகம் மாதிரி முழுக்க விரிக்கும்போது எழ வேண்டும் என்றால் வி மடிப்பு வேண்டும். இதில் எழுந்து நிற்கிற உருவம் தனித் துண்டு. 8 செ.மீ. உயரம், மொத்தம் 8 செ.மீ. அகலம் வருகிற மாதிரி ஒரு பட்டாம்பூச்சியோ வீடோ வெட்டி, நடுவில் நெடுக்காக மடியுங்கள். அடிப்பக்கம் நேர்கோடாக இருக்கட்டும், அந்தக் கோட்டுக்குக் கீழே இரண்டு பாதியிலும் ஒட்டுவதற்கு 1 செ.மீ. ஓரம் விடுங்கள். நான் அதைக் காது என்பேன். இரண்டு காதுக்கும் நடுவே ஒரு சின்ன முக்கோணத்தை வெட்டி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒன்றோடொன்று இடிக்கும்.

அட்டையைப் புத்தகம் மாதிரி முன்னால் விரித்து வையுங்கள். நடு மடிப்பில் ஒரு புள்ளி, அதிலிருந்து உங்களை நோக்கி இடதும் வலதுமாக 45 டிகிரியில் இரண்டு கோடு. வி எழுத்தைத் தலைகீழாகப் போட்ட மாதிரி இருக்கும். இரண்டு கோணமும் கட்டாயம் சமமாக இருக்க வேண்டும். உருவத்தின் நடு மடிப்பு சரியாக அந்தப் புள்ளியில் உட்கார, காதுகளை இந்தக் கோடுகளில் ஒட்ட வேண்டும். மூடும்போது உருவம் பின்பக்கமாக, அதாவது புள்ளி இருக்கிற திசையில் சாய்ந்து படுக்கும், அதனால் புள்ளிக்குப் பின்னால் இடம் விடுங்கள். 8 செ.மீ. உருவத்துக்குக் குறைந்தது 6 செ.மீ. வேண்டும், நான் 7 விடுவேன்.

ஒட்டுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது, இதை மட்டும் மறக்க வேண்டாம். இரண்டு காதையும் ஒரே நேரத்தில் கோட்டில் வைத்து ஒட்டாதீர்கள். இடது காதை மட்டும் முதலில் ஒட்டி, காயவிடுங்கள். பிறகு உருவத்தைப் பின்பக்கமாகச் சாய்த்து, நடு மடிப்பில் மடித்து, இடது பக்கத்தின் மேலேயே தட்டையாகப் படுக்க வையுங்கள். வலது காது இப்போது மேலே பார்த்து இருக்கும். அதன் மேல் பசை தடவி, அட்டையை அப்படியே மூடி அழுத்துங்கள். வலது காது தனக்கான இடத்தைத் தானே கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ளும், நீங்கள் போட்ட கோடு கொஞ்சம் பிசகியிருந்தாலும்கூட அட்டை சரியாகவே மூடும், ஏனென்றால் மூடிய நிலையில்தானே ஒட்டினீர்கள்!

உருவம் நேராக நிற்பதும் சாய்வதும் அடிக்கோட்டில் இருக்கிறது. அடிக்கோடு உருவத்தின் நடு மடிப்புக்குச் செங்குத்தாக இருந்தால் நேராக நிற்கும். கோணம் 90 டிகிரிக்குக் கொஞ்சம் குறைந்தால் உங்களை நோக்கிச் சாயும், கூடினால் பின்னே சாயும். பறக்கிற பறவைக்கு முன்னே சாய்ந்தால் நன்றாக இருக்கும், வீட்டுக்கு வேண்டாம்.

பசை விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது, அதிகமாகத் தடவினால் தாள் அலை அலையாக நெளியும், ஓரத்தில் பிதுங்கினால் பக்கங்களே ஒட்டிக்கொள்ளும். பல்குச்சியால் மெல்லிசாகத் தடவினால் போதும். இருபக்க டேப் சுத்தமாக இருக்கும், ஆனால் வைத்த இடத்திலிருந்து நகர்த்த முடியாது, கை பழகும் வரை பசையே மேல்.

வெட்டிய தாளில் பின்னாலிருந்து பார்த்தால் ஓட்டை தெரியும் இல்லையா, அதனால் ஒரு வெளி அட்டை வேண்டும். உள் தாளைவிட ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ. பெரிதாக வெட்டி மடியுங்கள். எழுகிற பெட்டியின் பின்னால் பசை படவே கூடாது, நடு மடிப்பை ஒட்டி ஒரு சில மில்லிமீட்டரும் விட்டுவிடுங்கள். ஒரு பாதியை முதலில் ஒட்டி, மூடி, அப்புறம் மறு பாதி. அடர்த்தியான நிறம் வெளியே, வெளிறிய நிறம் உள்ளே என்று நான் வைப்பேன். எழுகிற உருவமும் பின்னணியும் ஒரே நிறமாக இருந்தால் தூரத்திலிருந்து ஒன்றும் தெரியாது, இதைத் தாளை எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

வாழ்த்து வரிகளை ஒட்டுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். எழுந்து நிற்கிற பெட்டிகளுக்கு நடுவே பேனாவை நுழைத்து எழுதினால் கை பட்டு ஏதாவது வளையும், எழுத்தும் கோணும். மணி, கல், தடிமனான பொத்தான் மாதிரியானவற்றை எழுகிற பகுதியில் ஒட்டாதீர்கள், கனம் தாங்காமல் உருவம் முன்னே கவிழும், மூடும்போது எதிர்ப்பக்கத்தில் அதன் தடம் பதியும். ஆசையாக இருந்தால் முன் அட்டையில் வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்ததும் மூடி, மேலே இரண்டு கனமான புத்தகம் வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் பத்துப் பதினைந்து தடவை மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். எங்காவது இழுத்தால் அந்த இடத்துக் காதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள், பெரும்பாலும் பசை மடிப்பைத் தாண்டிப் போயிருக்கும், கட்டரின் முனையால் மெதுவாக விடுவித்துவிடலாம். உறையை அட்டையைவிட 5 மி.மீ. பெரிதாகச் செய்யுங்கள், உள்ளே நாலைந்து அடுக்கு இருப்பதால் சாதாரண உறையில் இறுக்கமாகப் போகும், பிரிக்கிறவர் அட்டையைப் பிடித்து இழுக்க வேண்டி வரும்.