‘மனுஷ குணமே அதுதான்’ என்று முடித்துவிடாதீர்கள்

குடியாத்தத்தில் மார்க்சியம் படிக்கும் எங்கள் வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் இடறுவது சொல்லில்தான். எண்ணங்களிலிருந்து அல்ல, வாழும் நிலைமைகளிலிருந்தே சமூகத்தை விளக்கும் பொருள்முதல்வாதத்தில் ‘பொருள்’ என்பது பணமல்ல. உடல், உழைப்பு, கருவி, நிலம் என்று நாம் புழங்கும் உலகம். மனிதநேயவாதத்தை விமர்சிப்பவர் மனிதநேயத்தை வேண்டாம் என்பவரும் அல்ல. எல்லாருக்குள்ளும் என்றைக்கும் மாறாத சாரம் ஒன்று இருக்கிறது, வரலாறே அதிலிருந்து பிறக்கிறது என்ற கோட்பாட்டோடுதான் சண்டை.

இவை ஒரே மாலையில் தெளிந்துவிடும். தெளியாதது வேறு: எதற்கெடுத்தாலும் ‘மனுஷ குணம்’ என்று சொல்லிக் கேள்வியை மூடிவிடுவது. பாலாறு ஏன் கெட்டது? ‘பேராசை’ என்கிறார்கள். நம் பாட்டன் காலத்தில் பேராசை இல்லையா? தோல் பதனிடும் தொழிலைப் பாருங்கள்: ஆவாரம்பட்டையில் நாள்கணக்கில் ஊறிய தோல், ஏற்றுமதிச் சந்தைக்காகக் குரோமிய உப்பில் பதனிடும் முறைக்கு மாறியது. கழிவின் செலவை ஆற்றின் தலையில் கட்டினார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996இல், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. யாருடைய குணத்தையும் திருத்த அது முனையவில்லை.

‘பொம்பளைங்களுக்குப் பொறுமை பிறவியிலேயே வந்தது சார்’ என்றார் ஒரு தம்பி. அவருடைய அம்மா பீடி சுற்றுகிறவர். ஒருநாள் முழுக்க அம்மா பக்கத்தில் உட்காருங்கள் என்றேன். மடியில் முறம். அளவுக்கு வெட்டிய இலையில் தூளைக் கிள்ளி வைத்து, சுருட்டி, முனையை மடக்கி, நூல் கட்டி, அடுத்தது. ஆயிரத்துக்குத்தான் கூலி. கொடுத்த இலை போதாவிட்டால் சொந்தக் காசில் வாங்க வேண்டும். எழுந்தால் எண்ணிக்கை குறையும், அதனால் எழுவதில்லை. தம்பி பொறுமை என்று நினைத்தது இந்தக் கணக்கைத்தான்.

மனித சாரம் தனி ஆளுக்குள் குடியிருக்கும் அருவமல்ல, உண்மையில் அது சமூக உறவுகளின் தொகுப்பு என்று 1845இல் ஜெர்மன் தத்துவவாதி ஃபாயர்பாக் பற்றிய குறிப்புகளில் ஆறாவதில் மார்க்ஸ் எழுதியதை, அதன் பிறகு படித்தால் சட்டென்று பிடிபடுகிறது.

பிடிபட்ட வேகத்தில் மறுபக்கம் சாய்ந்து, ‘மனித இயல்பே கிடையாது’ என்று முழங்குவதும் தவறு. 1867இல் வந்த ‘மூலதனம்’ முதல் தொகுதியிலேயே மார்க்ஸ் பொதுவான மனித இயல்பு, காலந்தோறும் மாறும் மனித இயல்பு என இரண்டையும் பேசுகிறார். 1960களில் பிரெஞ்சு மார்க்சியத் தத்துவவாதி அல்துஸ்ஸர் மனிதநேயவாதத்துக்கு முன்வைத்த எதிர்ப்பும், ‘மனிதன்’ என்ற கருத்தை விளக்கத்தின் அடித்தளமாக்குவதன் மீதுதான். எந்தச் சமூகத்தில் பிறந்திருந்தாலும், பொழுது முழுக்கக் குனிந்தே இருந்தால் அந்த அம்மாவின் இடுப்பு வலிக்கும். அந்த வலியைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஆயிரம் பீடிக்கு இந்தக் கூலி அநியாயம் என்று எந்த வாயால் சொல்வது?