எடிசன் கண்காட்சியில் பணத்தைத் தண்ணீரில் விடாமல் இருக்க

ஜனவரிக் கடைசியில் நியூ ஜெர்சி ஓடைகளின் ஓரமெல்லாம் பனிக்கட்டி பிடித்திருக்கும். ட்ரவுட் மீனுக்கு இரை தேடும் மனமிருக்காது, அதைப் பிடிப்பவர்களுக்கு வேறு வேலை இருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் எடிசன் நகரின் பொருட்காட்சி அரங்கில் வெள்ளி முதல் ஞாயிறு வரை ‘தி ஃப்ளை ஃபிஷிங் ஷோ’ நடக்கிறது. ஓக் ட்ரீ ரோட்டுக்கு மளிகை வாங்க வரும் நம்மவர்களில் பலருக்கு, சில மைல் தள்ளி இப்படியொரு திருவிழா நடப்பதே தெரியாது. தெரிந்து போகிறவர்கள் பெரும்பாலும் தேவையில்லாத ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். நானும் அப்படித்தான் திரும்பினேன்.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. முள்ளில் புழு கோக்காமல், இறகையும் நூலையும் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சியை நீர்மேல் விழச் செய்து மீனை ஏமாற்றுவதுதான் ஃப்ளை ஃபிஷிங். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு முன்னே பறந்து நரம்பை இழுத்துப் போகும். இங்கே பூச்சிக்கு எடையே கிடையாது. எடை முழுவதும் லைன் என்கிற தடித்த கயிற்றில் இருக்கிறது; அது பறந்து பூச்சியைச் சுமந்து போகிறது. இதை மறந்துவிடுவதால்தான் கண்காட்சியில் பாதித் தவறுகள் நடக்கின்றன.

அவற்றில் தலையாயது, தூண்டில் கோலை வெறுமனே ஆட்டிப் பார்த்து வாங்குவது. வரிசையாகச் சாத்தி வைத்திருக்கும் கோல்களில் ஒன்றை எடுப்பார்கள், கைப்பிடியை இறுக்கிச் சடசடவென்று நாலு ஆட்டு ஆட்டுவார்கள். நுனி துடித்து நிற்கும். முகத்தில் ஒரு நிறைவு வரும். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பதிலாவது பொருள் இருக்கிறது, முற்றலா இளசா என்று தெரிந்துவிடும். கயிறில்லாத கோலை ஆட்டினால் தெரிவது அது கனமா இலேசா என்பது மட்டும்தான். கயிற்றின் எடை ஏறும்போது எங்கிருந்து வளையும், எவ்வளவு வேகமாக நிமிரும் என்பது வீசிப் பார்க்காமல் தெரியாது.

அதற்காகத்தான் அரங்கினுள்ளே வீச்சுக் குளம் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் ஒரு வம்பு உண்டு. சுற்றிலும் ஆட்கள் நிற்பார்கள். பார்க்க ஆள் இருந்தால் கை நீண்டுவிடும். எல்லோரும் 60 அடி, 70 அடி எறியப் பார்ப்பார்கள். நானும் எறிந்தேன். லைன் அம்பாகப் போனது. 9 அடி நீளம், 6ஆம் எண் (கோலின் எண் என்பது அதற்குப் பொருந்தும் லைனின் எண்), விறைப்பான கோல். அன்றே வாங்கிவிட்டேன். நான் மீன் பிடிப்பதோ ராரிட்டன் ஆற்றின் தென்கிளையில், கென் லாக்வுட் பள்ளத்தாக்கில். தலைக்கு மேலே மரக்கிளை, முதுகுக்குப் பின்னால் புதர், முன்னால் பாறை. அங்கே 25 அடிக்கு மேல் வீசவேண்டிய தேவை அரிதாகத்தான் வரும். 70 அடிக்குப் பிறந்த கோல் 20 அடி லைனுக்கு வளையவே இல்லை. துடைப்பக் கட்டையில் நூலைக் கட்டி வீசியது போல இருந்தது.

ஆகவே குளத்தருகே போனதும் 20 அடி லைனை மட்டும் வெளியே இழுத்து வீசிப் பாருங்கள். முழங்காலிட்டு வீசுங்கள், கையைப் பக்கவாட்டில் தாழ்த்தி வீசுங்கள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். உங்கள் ஓடையில் எப்படி நிற்பீர்களோ அப்படி நின்று பார்த்த பிறகு, ஆசைக்கு ஒருமுறை தூரமாக எறிந்துகொள்ளுங்கள்.

வீசும் முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு: “இந்த ரீலில் எந்த லைன் சுற்றியிருக்கிறீர்கள்?” லைனின் எண் என்பது அதன் முதல் 30 அடியின் எடையைக் குறிப்பது. தர அளவுப்படி 5ஆம் எண் லைன் 140 கிரெயின், அதாவது ஏறக்குறைய 9 கிராம். 6ஆம் எண் 160 கிரெயின். இன்று சந்தையில் இருக்கும் லைன்கள் பலவற்றை அரை எண்ணோ ஒரு முழு எண்ணோ கூடுதல் எடையில் செய்து, பெட்டியில் மட்டும் 5 என்று போடுகிறார்கள். விறைப்பான கோலுக்கு அது சுகமாக இருக்கும். கொஞ்சம் கூடுதல் எடை ஏறியதும் கோல் குழைந்து கொடுக்கும். வீட்டுக்கு வந்து பழைய லைனை மாட்டினால் அந்தக் குழைவைக் காணோம். என்னிடம் விற்றவர் பொய் சொல்லவில்லை. அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். என்னைக் கேட்டால், கையில் இருக்கும் பணத்தை நடுத்தரமான கோலுக்கும் மிக நல்ல லைனுக்கும் பிரித்துச் செலவிடச் சொல்வேன். பெரும்பாலானோர் கோலுக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் டாலரைக் கொட்டிவிட்டு லைனில் சிக்கனம் பிடிக்கிறார்கள்.

ரீலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிற்றோடை ட்ரவுட்டுக்கு ரீல் என்பது லைனைச் சுற்றிவைக்கும் பெட்டி. நீர் புகாத பிரேக் எல்லாம் கடலோரத்தில் ஸ்ட்ரைப்டு பாஸ் பிடிப்பவர்களுக்கு வேண்டும்.

‘புதிது’ என்ற ஒட்டுச்சீட்டுக்கு மயங்குவது அடுத்தது. எதை நீட்டினாலும் “போன வருடத்து மாடலிலிருந்து என்ன மாறியிருக்கிறது?” என்று கேளுங்கள். சிலர் கார்பன் இழையின் அடுக்கு, இணைப்பின் பருமன் என்று குறிப்பாகச் சொல்வார்கள். அவர்களோடு பத்து நிமிடம் நின்று பேசலாம். சிலர் நிறத்தையும் பெயரையும் சொல்வார்கள். அப்போது அதே கடையில் போன வருடத்து மாடல் எங்கே என்று பாருங்கள், விலை குறைத்து ஒரு மூலையில் வைத்திருப்பார்கள்.

வேடர்ஸ் எனப்படும், மார்புவரை ஏறும் நீர்புகாக் கால்சட்டையை நின்றபடி போட்டுப் பார்த்து வாங்கக் கூடாது. அதைப் போட்டுக்கொண்டு குந்த வேண்டும், நாற்காலிமேல் ஏறி இறங்க வேண்டும். முழங்கால் மடங்கும்போது துணி பிடித்தால் பாறை ஏறும் முதல் நாளே தையல் விடும். காலணியைப் பார்க்கப் போகும்போது குளிர்காலக் காலுறையோடு போங்கள். கால்சட்டையின் அடியில் இருக்கும் தடித்த ரப்பர் உறையும் சேர்ந்து கால் ஓர் அளவு பெருத்துவிடும். ஃபெல்ட் என்கிற, கம்பளி போன்ற அடிப்பாகம் வைத்த காலணி பாசிப் பாறையில் நன்றாகப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் அந்த ஃபெல்ட் எளிதில் காயாது; ஓர் ஆற்றின் பாசியையும் நோய்க்கிருமியையும் அடுத்த ஆற்றுக்கு அதுவே சுமந்து போகும். நியூசிலாந்து 2008இலும் மேரிலாந்து 2011இலும் அதைத் தடை செய்தன. பல மாநிலங்களில் மீன் பிடிப்பவர் என்றால் ரப்பர் அடிப்பாகத்தையே வாங்கிவிடுவது தொல்லையற்றது.

எனக்கு மிகப் பிடித்த இடம் பூச்சி கட்டுபவர்களின் மேசை வரிசை. அங்கே நடக்கும் தவறு, முதுகுக்குப் பின்னால் நின்று கைப்பேசியில் படம் பிடித்துவிட்டு நகர்வது. ஒருமுறை நான் கட்டிய 16ஆம் எண் பூச்சியை (எண் கூடக் கூட முள் சிறிதாகும்) ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் அதை இடுக்கியில் பொருத்தி, உருப்பெருக்கியை என் பக்கம் திருப்பினார். ஒன்றும் பேசவில்லை. மெல்லிய நரம்பின் முனையை முள்ளின் கண்ணில் நுழைக்கப் போனார். நுழையவில்லை. கண்வரை இறகைச் சுற்றி அடைத்து வைத்திருந்தேன். பிறகு தானே ஒன்று கட்டினார். கண்ணுக்குப் பின்னே முள்ளின் ஒரு கண்ணளவு வெற்றிடம் விட்டு, நூலை மூன்றே சுற்றில் முடித்தார். கேட்டதால் கிடைத்த பாடம் அது, காசு வாங்கவில்லை.

இறகு வாங்குவதிலும் ஏமாற வழி இருக்கிறது. கொலராடோவின் டெல்டா ஊரில் உள்ள வைட்டிங் ஃபார்ம்ஸ் போன்ற பண்ணைகள் இதற்கென்றே வளர்க்கும் சேவல்களின் கழுத்துத் தோல்களை வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் பிரித்து விற்கின்றன. தரம் உயர்ந்தால் பெரும்பாலும் கூடுவது பயன்படும் இறகுகளின் எண்ணிக்கை. வருடத்துக்கு ஐம்பது பூச்சி கட்டுகிறவருக்கு வெண்கலமே தீராது.

அதே மேசையில் ஒரு தோலைப் பார்த்து நின்றுவிட்டேன். கறுத்த இறகுகளில் மெழுகுத் துளி சொட்டியது போல மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள். ‘ஜங்கிள் காக்’ என்று எழுதியிருந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விடியலில் கூவும் சாம்பல் காட்டுக்கோழிதான் அது. சால்மன் மீனுக்கான பொய்ப்பூச்சிகளின் தலையோரம் கன்னம் போலப் பொருத்த அந்த இறகை நூறு வருடத்துக்கும் மேலாகத் தேடி வாங்குகிறார்கள். இந்தியாவில் அந்தப் பறவை 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருக்கிறது. விற்பவரிடம் வளர்ப்புப் பறவையின் தோல்தான் என்பதற்குத் தாள் கேளுங்கள், தயங்கினால் நகர்ந்துவிடுங்கள். இங்கே நம்மவர்கள் மட்டும் செய்யக்கூடிய தவறு ஒன்று இருக்கிறது: விலையைப் பார்த்ததும் “ஊரிலிருந்து மாமாவைக் கொண்டுவரச் சொன்னால் போகிறது” என்று நினைப்பது. காட்டுக்கோழிக்கு மட்டுமல்ல, இந்தப் பூச்சிகளில் ஏராளமாகப் பயன்படும் மயில் தோகைக்கும் இந்தியாவிலிருந்து ஏற்றுமதித் தடை உண்டு. விமான நிலையத்தில் மாட்டிக்கொள்பவர் மாமாவாக இருப்பார்.

அலாஸ்கா, பெலீஸ், அர்ஜென்டினா விடுதிக்காரர்களின் மேசையில் அழகழகான படங்கள் இருக்கும். “இன்று முன்பணம் கட்டினால் தள்ளுபடி” என்பார்கள். கட்டாதீர்கள். எந்த வாரம், அந்த வாரத்தில் ஆற்று நீர் எப்படி இருக்கும், வழிகாட்டியின் அன்பளிப்பு கணக்கில் சேர்ந்ததா, பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். நல்ல விடுதிக்காரர் அடுத்த வாரமும் அதே விலைக்குத் தருவார்.

சனிக்கிழமை நெரிசலில் வீச்சுக் குளத்துக்கே வரிசை நிற்கும். பேசிப் பார்க்க வெள்ளி நல்லது. ஞாயிறு பிற்பகலில், திரும்ப ஏற்றிப் போக மனமில்லாதவர்கள் விலையை இறக்குவார்கள். ஆனால் உங்கள் அளவுக் காலணி அதற்குள் போயிருக்கும்.

அந்த 6ஆம் எண் கோலை நான் விற்கவில்லை. ஜூலையில் டெலவேர் ஆற்றுக்குப் போகும்போது எடுத்துக்கொள்கிறேன். அகலமான ஆறு, எதிர்க்காற்று, ஸ்மால்மவுத் பாஸுக்குக் கட்டிய பெரிய பூச்சி. அங்கே அது நன்றாகவே வளைகிறது.