குடிநீர்க் குழாய்களில் சென்சார்களுக்கு இடம் தேர்ந்தெடுத்தல்

குடிநீரில் மாசு கலந்ததைக் கண்டறியும் சென்சார்களின் விலையும் பராமரிப்புச் செலவும் மிகுதி என்பதால், குழாய்ச் சந்திப்புகள் அனைத்திலும் அவற்றைப் பொருத்த இயலாது. எங்கே பொருத்தினால் பயன் மிகும் என்பதைக் கணினி உருவகப்படுத்தலால் முன்கூட்டியே அறியலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993இல் வெளியிட்ட, இன்றும் இலவசமாகக் கிடைக்கும் ஈபாநெட் மென்பொருள் இதற்குப் போதும்.

முதலில் குழாய்களின் நீளம், விட்டம், தொட்டிகள், பம்புகள், மணிக்கு மணி மாறும் நீர்த்தேவை ஆகியவற்றைக் கொண்டு குழாய் அமைப்பின் கணினி மாதிரியை அமைக்கவும். களத்தில் அளந்த அழுத்தத்தோடு அது ஒத்துப்போகும்வரை அடுத்த படிக்குச் செல்லக் கூடாது; மூடிக் கிடக்கும் வால்வு ஒன்று திறந்திருப்பதாகப் பதிவாகியிருந்தால்கூட நீரோட்டத்தின் திசை மாறி, பின்வரும் கணக்குகள் பிழைபடும். குழாய்கள் எப்போதும் நிறைந்திருப்பதாகவே ஈபாநெட் கொள்கிறது. ஆகவே, நம் ஊர்கள் பலவற்றைப் போல நாளில் சில மணி நேரமே நீர் விடும் இடங்களில் அதன் விடையை அப்படியே ஏற்க முடியாது.

அடுத்து, ஒவ்வொரு சந்திப்பிலும் வெவ்வேறு வேளைகளில் மாசு நுழைவதாக வைத்து மாதிரியை ஓட்டவும். 100 சந்திப்புகளுக்கு 4 வேளைகள் என்றால் 400 ஓட்டங்கள். கையால் செய்வதைவிட ஈபாநெட்டை நிரல்வழி இயக்கும் டபிள்யூஎன்டிஆர் என்னும் பைத்தான் நிரல்மொழித் தொகுப்பிடம் இதை ஒப்படைப்பது நல்லது. மாசு எந்தச் சந்திப்பை எப்போது அடைகிறது, அதற்குள் எவ்வளவு நீர் நுகரப்படுகிறது என்பவற்றை அட்டவணையாகச் சேமிக்கவும்.

எதைக் குறைக்க விரும்புகிறோம் என்பதே அடுத்த கேள்வி. இடத்தேர்வைத் தீர்மானிப்பதும் பெரும்பாலும் இதுதான். 2006இல் சின்சினாட்டியில் நடந்த சென்சார் அமைப்புப் போட்டியில் கண்டறியும் நேரம், பாதிக்கப்படும் மக்கள்தொகை, நுகரப்பட்ட மாசு நீரின் அளவு, கண்டறியும் வாய்ப்பு என நான்கு அளவுகோல்கள் வைக்கப்பட்டன. இவை ஒன்றோடொன்று முரண்படக்கூடியவை: கடைமடைப் பக்கம் வைத்த சென்சார் பல நிகழ்வுகளைப் பிடிக்கும், ஆனால் தாமதமாகப் பிடிக்கும், தலைப்பக்கம் வைத்தது விரைவாகப் பிடிக்கும், ஆனால் தனக்குக் கீழே நுழையும் மாசை அறியவே அறியாது. மக்கள் பாதிப்பைக் குறைப்பதையே முதன்மையாகக் கொள்வது என் பரிந்துரை. எந்தச் சென்சாருக்கும் சிக்காத நிகழ்வுகளை முழுப் பாதிப்பாகவே கணக்கில் சேர்க்க வேண்டும். விட்டுவிட்டால் சராசரி பொய்யாக அழகாகத் தெரியும்.

இனித் தேர்வு எளிது. பாதிப்பை மிகவும் குறைக்கும் ஓர் இடத்தை முதலில் எடுத்து, அதனோடு சேர்ந்து மேலும் அதிகம் குறைக்கும் இடத்தை அடுத்துச் சேர்த்துச் செல்லவும். கூடுதல் பயன் படிப்படியாகக் குறையும் இத்தகைய கணக்குகளில், இம்முறை மிகச் சிறந்த அமைப்பின் பயனில் குறைந்தது 63 சதவீதத்தைத் தரும் என்பது 1978இல் நிறுவப்பட்டது. சென்சார்கள் கூடக்கூடப் பயன் எவ்வளவு கூடுகிறது என்று காட்டும் வரைபடம் தட்டையாகும் இடத்தில் நிறுத்தலாம்.

தேர்வான இடங்களில் மின்சாரமோ அலைபேசிச் சமிக்ஞையோ இல்லையென்றால், அவற்றை நீக்கிவிட்டு, சேமித்த அட்டவணையிலிருந்தே மீண்டும் தேர்ந்தெடுக்கவும். மாதிரியை மறுபடி ஓட்டத் தேவையில்லை.