ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன் எது நிற்கும்? டிடெர்மினர், குவாண்டிஃபையர்: தொடக்கநிலை விளக்கம்

'நேற்றுப் புத்தகம் வாங்கினேன்' என்பது தமிழில் குறையற்ற வாக்கியம். அதையே 'ஐ பாட் புக் எஸ்டர்டே' என்று ஆங்கிலத்தில் எழுதினால் பிழையாகும். 'புக்' என்பதற்கு முன் 'எ', 'தி', 'மை', 'திஸ்' போன்ற சொற்களுள் ஒன்று நின்றே ஆக வேண்டும். இவ்வாறு பெயர்ச்சொல்லின் முன் நின்று, எது, யாருடையது, எவ்வளவு என்று வரையறுக்கும் சொற்கள் டிடெர்மினர்கள். அவற்றுள் அளவையோ எண்ணிக்கையையோ உணர்த்துபவை குவாண்டிஃபையர்கள். இவற்றின் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, பெயர்ச்சொல்லை முதலில் ஆராய்வதே பயன் தரும் என்பது என் கருத்து.

படி 1: பெயர்ச்சொல்லின் வகையை அறியுங்கள்

அது எண்ணத்தக்க ஒருமையா, பன்மையா, எண்ண இயலாததா என்று பாருங்கள். பொருளைக் கண்ணால் பார்த்து இதை முடிவு செய்ய இயலாது. நாற்காலியையும் மேசையையும் நாம் எண்ணுகிறோம். ஆனால் 'ஃபர்னிச்சர்' ஆங்கிலத்தில் எண்ண இயலாத பெயர். 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'லக்கேஜ்', 'எக்விப்மென்ட்' ஆகியவையும் அப்படியே. ஆகவே, கடைப் பலகைகளில் நாம் காணும் 'ஃபர்னிச்சர்ஸ்' பிழையான வடிவம். 'ஆன் அட்வைஸ்' என்பதும் பிழை, 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்பதே சரி. ஐயம் எழுந்தால், மொழி கற்போருக்கான அகராதியைப் பாருங்கள். அதில் ஒவ்வொரு பெயரின் வகையும் குறிக்கப்பட்டிருக்கும்.

படி 2: வகைக்கு ஏற்ற சொல்லை இடுங்கள்

எண்ணத்தக்க ஒருமைக்கு 'எ', 'ஆன்', 'ஈச்', 'எவ்ரி' பொருந்தும். 'எவ்ரி' பலரைக் குறித்தாலும் அதன்பின் ஒருமைப் பெயரே வரும்: 'எவ்ரி ஸ்டூடன்ட்'. பன்மைக்கு 'மெனி', 'தீஸ்', 'தோஸ்'. எண்ண இயலாததற்கு 'மச்'. 'சம்', 'எனி', 'எ லாட் ஆஃப்' ஆகியவை பின்னிரண்டு வகைகளுக்கும் பொதுவானவை. பொதுப்படையாகப் பேசும்போது இவ்விரு வகைப் பெயர்களும் டிடெர்மினர் இல்லாமலேயே நிற்கலாம்: 'ஐ லைக் மேங்கோஸ்'.

'எ', 'ஆன்' வேறுபாட்டை எழுத்து அன்று, ஒலியே தீர்மானிக்கிறது. அதனால்தான் 'ஆன் அவர்' (ஒரு மணிநேரம்) என்றும் 'எ யூனிவர்சிட்டி' என்றும் வருகின்றன.

படி 3: 'ஃபியூ', 'எ ஃபியூ' வேறுபாட்டைக் கவனியுங்கள்

'ஐ ஹேவ் எ ஃபியூ ஃபிரெண்ட்ஸ்' என்றால் எனக்குச் சில நண்பர்கள் இருக்கிறார்கள் என்று பொருள். 'எ' இன்றி 'ஐ ஹேவ் ஃபியூ ஃபிரெண்ட்ஸ்' என்றால் எனக்கு நண்பர்கள் அதிகம் இல்லை என்ற குறை தொனிக்கும். எண்ண இயலாத பெயர்களில் இதே வேறுபாட்டை 'எ லிட்டில்', 'லிட்டில்' காட்டுகின்றன. 'லிட்டில் மனி' உள்ளவரிடம் கடன் கேட்க இயலாது. 'எ லிட்டில் மனி' உள்ளவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

படி 4: இடத்தைச் சரிபாருங்கள்

'எ', 'தி', 'மை', 'திஸ்' ஆகியவற்றுள் ஒன்று வந்த இடத்தில் மற்றொன்று வராது. 'எ மை ஃபிரெண்ட்' என்று கூறாமல் 'எ ஃபிரெண்ட் ஆஃப் மைன்' என்று கூற வேண்டும். ஆனால் 'தி', 'மை' போன்றவற்றுக்கு முன்னால் 'ஆல்', 'போத்' ஆகியவையும், பின்னால் எண்களும் வரலாம்: 'ஆல் மை புக்ஸ்', 'மை த்ரீ புக்ஸ்'.

'மோஸ்ட் ஸ்டூடன்ட்ஸ்' என்பது பொதுவாக மாணவருள் பெரும்பாலோரைக் குறிக்கும். குறிப்பிட்ட குழுவினராயின் 'மோஸ்ட் ஆஃப் தி ஸ்டூடன்ட்ஸ்' என 'ஆஃப்', 'தி' இரண்டும் சேர்ந்தே வரும். 'ஒன் ஆஃப் மை' என்பதன்பின் பெயர் பன்மையிலும், வினை 'ஒன்' என்பதற்கு ஏற்ப ஒருமையிலும் அமையும்: 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ் இஸ் எ டாக்டர்'.