லைசென்ஸ் இல்லாதவர் கையில் கார் சாவி: விபத்துக்கு முன்னும் பின்னும் செய்யக்கூடாதவை

"பக்கத்துத் தெரு வரைக்கும்தானே, கொண்டு போயிட்டு வா" என்று சொல்லித்தான் பெரும்பாலும் சாவி கைமாறுகிறது. கல்லூரிக்குப் போகும் தம்பி, போன வாரம் வேலைக்குச் சேர்ந்த டிரைவர், ஊரிலிருந்து வந்திருக்கும் மச்சான் என்று வாங்கிக்கொள்பவர் யாராகவும் இருக்கலாம். லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று தயங்கி, கேட்காமலே கொடுத்துவிடுகிறோம்.

பிடிபட்டால் அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விபத்து நடந்துவிட்டால் அந்த அபராதம் இருப்பதிலேயே சின்னத் தொகை. வீட்டையும் நிலத்தையும் தொடக்கூடிய தொகை வேறு இடத்திலிருந்து வரும்.

முதலில் சின்னதையே பார்த்துவிடலாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்ட பிறகு, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவருக்குப் பிரிவு 181இன்படி 5,000 ரூபாய் அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பலருக்குத் தெரியாதது அதற்கு முந்தைய பிரிவு. வண்டியை ஓட்டக் கொடுத்த உரிமையாளருக்கும் பிரிவு 180இன்படி அதே அளவு தண்டனை உண்டு. ஆகவே "ஓட்டினவன்மேல்தானே கேஸ், எனக்கென்ன" என்று இருந்துவிட முடியாது. விபத்தில் யாராவது இறந்துவிட்டால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106(1) சேரும். அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கு 5 ஆண்டு வரை சிறை. 2024 ஜூலைக்கு முன்பு, பழைய தண்டனைச் சட்டத்தில் இது 2 ஆண்டாக இருந்தது.

"இன்சூரன்ஸ் இருக்கு, அது பார்த்துக்கும்"

இருப்பதிலேயே பெரிய தவறு இந்த நம்பிக்கைதான். இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும், ஆனால் உங்களுக்காக அல்ல.

அடிபட்டவரின் குடும்பம் இழப்பீடு கேட்டு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போடும். நம் ஊர் நீதிமன்றங்களில் எம்.சி.ஓ.பி. என்று எண் கொடுக்கப்படும் வழக்கு அதுதான். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்பது தெரியவந்ததும், பாலிசி நிபந்தனை மீறப்பட்டதாக இன்சூரன்ஸ் நிறுவனம் சொல்லும். அதற்காக, தெருவில் நடந்துபோய் அடிபட்ட மனிதரை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதற்கு ஒரு வழி சொன்னது. வக்கீல்கள் இதைப் 'பே அண்ட் ரெகவர்' என்பார்கள். இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும், பிறகு அதை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். பாதிக்கப்பட்டவருக்கு இது நியாயமான தீர்வு. வண்டிக்காரருக்கோ இன்சூரன்ஸ் இருந்தும் இல்லாத நிலைமைதான்.

தொகை எவ்வளவு வரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இறந்தவருக்கு வயது 32, சொந்தத் தொழில், மாத வருமானம் 25,000 ரூபாய், வீட்டில் மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா என்று வைத்துக்கொள்வோம். 40 வயதுக்குக் கீழே என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்ப்பார்கள், 35,000 ஆகும். அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 26,250. வருடத்துக்கு 3,15,000. அந்த வயதுக்கு இதைப் பெருக்க வேண்டிய எண் 16. மொத்தம் 50,40,000 ரூபாய். இறுதிச் சடங்குச் செலவு, குடும்பத்தார் இழந்த துணைக்கான தொகை, வட்டி எல்லாம் இதற்கு மேல்.

இதை உங்களிடம் வசூலிக்க இன்சூரன்ஸ் நிறுவனம் புதிதாக இன்னொரு வழக்குப் போட வேண்டியதுகூட இல்லை. அதே தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வசூலில் இறங்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 174இன்படி தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்றிதழ் அனுப்பினால், நிலவரி பாக்கியை வசூலிப்பதுபோல வசூலிப்பார்கள். அதாவது சொத்து ஜப்தி வரை போகும். இடித்த உங்கள் காரின் சேதத்துக்கும் பணம் வராது. பாலிசியின் சொந்த சேதப் பகுதியில், ஓட்டுபவருக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை.

இதே சட்டம் கவனமாக இருந்த உரிமையாளரைக் கைவிடுவதில்லை. லைசென்ஸ் இல்லை என்று காட்டினால் மட்டும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் போதாது. உரிமையாளர் தெரிந்தே, அல்லது அக்கறையில்லாமல் மீறினார் என்பதை அது நிரூபிக்க வேண்டும். 2020இல் நிர்மலா கோத்தாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. வேலைக்கு எடுக்கும்போது டிரைவரின் லைசென்ஸை உரிமையாளர் பார்த்திருக்கிறார், அது பார்வைக்கு உண்மையானதாக இருக்கிறது, அவர் ஓட்டுவதையும் பார்த்துத் திருப்தி அடைந்திருக்கிறார் என்றால் போதும். பிறகு அது போலி என்று தெரியவந்தாலும் இன்சூரன்ஸ் நிறுவனம் தட்டிக்கழிக்க முடியாது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரை போய் விசாரிக்க வேண்டும் என்று உரிமையாளரிடம் எதிர்பார்க்க முடியாது என்றது நீதிமன்றம்.

அதனால் டிரைவரை வேலைக்கு வைக்கும் நாளிலேயே லைசென்ஸை வாங்கிப் பாருங்கள், ஒரு நகல் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டுப் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. அந்த ஒரு நகல் பின்னாளில் 50 லட்சத்தைக் காப்பாற்றலாம்.

லைசென்ஸ் இருந்தும் இல்லாதவர்கள்

பைக் ஓட்ட மட்டும் லைசென்ஸ் வாங்கியவர், காரைப் பொறுத்தவரை லைசென்ஸ் இல்லாதவர்தான். அட்டையைக் காட்டினாலே போதும் என்று விடாமல், அதில் எல்.எம்.வி. (இலகுரக மோட்டார் வாகனம்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டி, டாக்ஸி போன்றவற்றைத் தனி அனுமதிக் குறிப்பு இல்லாமலே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்திருக்கிறது. தனிக் குறிப்பு இல்லையே என்ற பயம் இப்போது வேண்டாம்.

காலாவதியான லைசென்ஸ்தான் நல்லவர்களையும் மாட்டிவிடுவது. முன்பெல்லாம் தேதி முடிந்த பிறகும் 30 நாள் செல்லும். 2019 திருத்தத்தோடு அந்தச் சலுகை போய்விட்டது. இப்போது முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டால் திரும்பவும் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டியதுதான்.

எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வைத்திருப்பவர் ஓட்டலாம். ஆனால் முன்னும் பின்னும் எல் போர்டு இருக்க வேண்டும், வண்டியைக் கட்டுப்படுத்தக்கூடிய இடத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். தனியாக எடுத்துக்கொண்டு போனால் அந்த எல்.எல்.ஆர். உதவாது.

அப்புறம், விற்ற கார். பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டீர்கள், ஆர்.சி. மட்டும் உங்கள் பெயரிலேயே கிடக்கிறது. வாங்கியவர் யாரிடமோ கொடுத்து, அவர் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி மோதினால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் உரிமையாளராகச் சட்டம் பார்க்கும். 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் தீர்ப்பளித்தது. அதில் வண்டி பல கைகள் மாறியிருந்தும் பொறுப்பு முதல் உரிமையாளரிடமே நின்றது. விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துவிடுங்கள். பெயர் மாறியதா என்று நீங்களே ஒருமுறை சரிபாருங்கள்.

பிள்ளைகளிடம் கொடுப்பது

18 வயது நிரம்பாத பிள்ளை ஓட்டி ஏதாவது குற்றம் நடந்தால் பிரிவு 199ஏ வரும். பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பெற்றோரின் சம்மதத்தோடுதான் ஓட்டினான் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். "எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்" என்றால் அதை நிரூபிப்பது உங்கள் பாடு. சாவி ஆணியில் தொங்கிய வீட்டில் அதை நிரூபிப்பது கஷ்டம்.

மோதிய பிறகு

லைசென்ஸ் இல்லை என்ற பயத்தில்தான் பலர் ஓடிவிடுகிறார்கள். இதைப் படிப்பவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஓடாதீர்கள். ரத்தம் போய்க்கொண்டிருப்பவருக்கு அந்தப் பத்து நிமிடம்தான் உயிர். 108ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது, ஆகவே ஆஸ்பத்திரிச் செலவை நினைத்தும் பயப்பட வேண்டாம். அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிப்பதும் பிரிவு 134இன்படி ஓட்டியவரின் கடமை. செய்யாவிட்டால் அது தனிக் குற்றம். 5,000 ரூபாய் அபராதத்துக்குப் பயந்து ஓடியவர் சிறைக்குப் போகும் வழியைத் தானே தேடிக்கொள்கிறார்.

அடுத்தது ஆள் மாற்றுவது. "லைசென்ஸ் இருக்கிற அண்ணன் ஓட்டினதா சொல்லிடலாம்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். 2024 மே மாதம் புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். பழியை ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் குடும்ப டிரைவரை மிரட்டி அடைத்து வைத்ததாகச் சிறுவனின் தாத்தாவையும் கைது செய்தது போலீஸ். விபத்து வழக்கில் சம்பந்தமே இல்லாதவர்கள் இப்படித்தான் உள்ளே வருகிறார்கள். குற்றவாளியைக் காப்பாற்றப் பொய்த் தகவல் தருவது பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 238இன்படி தனிக் குற்றம். கேமரா, செல்போன் டவர், பார்த்த சாட்சிகள் என்று உண்மை வெளிவரப் பல வழிகள் இருக்கின்றன. வந்துவிட்டால், அதுவரை உங்கள் பக்கம் பேசக்கூடிய நியாயங்களும் சேர்ந்து எடுபடாமல் போகும்.

ஸ்டேஷன் வாசலில் பேசி முடிப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். பத்தாயிரம், இருபதாயிரம் வாங்கிக்கொண்டு எஃப்.ஐ.ஆர். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவருக்கு, ஆறு மாதம் கழித்துக் காலை மடக்க முடியவில்லை என்றால் கேட்க இடமிருக்காது. உயிர் போன வழக்கைச் சமாதானம் பேசி முடிக்கச் சட்டத்தில் இடமே இல்லை.

அடிபட்டவருக்கே லைசென்ஸ் இல்லையென்றால்

"எனக்கே லைசென்ஸ் இல்லை, எந்த முகத்தோடு கேஸ் போடுவது" என்று சும்மா இருந்துவிடும் குடும்பங்களும் உண்டு. இதுவும் தவறு. 2008இல் சுதிர் குமார் ராணா வழக்கில், லைசென்ஸ் இல்லாமல் இருசக்கர வாகனம் ஓட்டிய பையனின் மீது மினி லாரி மோதியது. லைசென்ஸ் இல்லை என்பது மட்டுமே அவன் கவனக்குறைவாக ஓட்டினான் என்பதற்கு ஆதாரமாகாது என்றது உச்ச நீதிமன்றம். விபத்துக்கு யார் காரணம் என்பதுதான் கேள்வி. லைசென்ஸ் இல்லாததற்கு அவருக்கு அபராதம் தனியாக வரட்டும். எதிரே வந்த லாரி தப்பான பக்கத்தில் வந்திருந்தால் அதற்கான இழப்பீடு அவருக்குச் சேர வேண்டியதுதான்.

ஆனால் நாளைக் கடத்தக் கூடாது. விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்பது 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் இருக்கிறது. விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே தாக்கல் செய்யலாம். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அங்கே இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருவார்கள்.