ரகுராஜ்பூர் திண்ணைகளில் பட்டசித்ரா வாங்குவது எப்படி?

ஒடிசாவில் பூரியிலிருந்து புவனேஸ்வர் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் சந்தன்பூர். அங்கே உள்ளே திரும்பினால் ரகுராஜ்பூர். எதிரெதிர் வரிசையில் நூற்றுச் சொச்சம் வீடுகள், நடுவே சின்னச் சின்னக் கோயில்கள், திண்ணைதோறும் விரித்து வைத்த பட்டசித்ரா, அதாவது துணியிலும் ஓலையிலும் வரையும் ஒடிசாவின் மரபுப் படங்கள். ஒடிசி நடன குரு கேளுசரண் மகாபாத்ரா பிறந்த ஊர். ரயில், ஆட்டோ விவரமெல்லாம் எங்கும் கிடைக்கும். நேரே திண்ணைக்கு வருவோம்.

கையில் இருக்க வேண்டியவை

நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ், போனில் டார்ச், அளவு நாடா, நாலு தாள் பட்டர் பேப்பர். லென்ஸ் இருநூறு முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. மென்பொருள் கோட்டைச் சீராக்கிக் காட்டிவிடும்.

படி 1: எதில் வரைந்தது என்று பாருங்கள்

மூன்று சரக்கு உண்டு. முதலாவது அசல் பட்டா. பட்டு என்று நினைக்க வேண்டாம், இது பருத்தி. பழைய பருத்திப் புடவைத் துணி இரண்டு அடுக்கைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, சுண்ணப்பொடி பூசி, கல்லால் தேய்த்து வழவழப்பாக்கியது. தஞ்சாவூர்ப் படத்துக்குப் பலகை தயாரிப்பதைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். விளிம்பை லென்ஸில் பார்த்தால் இரண்டு துணி அடுக்கும் தெரியும். இரண்டாவது டசர் பட்டுத்துணி. இதில் பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது துணிச்சாயம்தான். மூன்றாவது பனையோலை: எழுத்தாணியால் கீறி, கரியைத் தேய்த்து, ஓலைகளை நூலால் கோத்தது.

படி 2: கோடு அச்சா, கையா?

சறுக்குவது இங்கேதான், அவசரப்படாதீர்கள். மலிவுச் சரக்கில் வெளிக்கோட்டை மட்டும் ஸ்கிரீன் பிரிண்ட் போட்டு, நிறத்தைக் கையால் நிரப்பியிருப்பார்கள். "கையால் செய்ததா?" என்று கேட்டால் "ஆமாம்" என்பார்கள். நிறத்தைப் பொறுத்தவரை அது பொய்யுமல்ல. அதனால் கேள்வியை மாற்றுங்கள்: "கோடு யார் போட்டது?"

ஓலையில் கண்டுபிடிப்பது எளிது. டார்ச்சைப் பக்கவாட்டில், ஓலையோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். கீறிய கோடு பள்ளமாக நிழல் காட்டும், நகத்தை மெல்ல ஓட்டினால் தட்டும். அச்சுக்கோடு மேலே படிந்து கிடக்கும், நகம் வழுக்கிப் போகும்.

பட்டாவிலும் டசரிலும் தூரிகைக்கோடு மெலிந்து தொடங்கும், நடுவில் தடிக்கும், மறுபடி மெலிந்து முடியும். அச்சுக்கோடு முழுக்க ஒரே தடிமன். சந்தேகம் தீரவில்லையா? அதே கருப்பொருளில், அதே அளவில் இன்னொரு படத்தைக் கேட்டுப் பக்கத்தில் வையுங்கள். கரை ஓரத்துக் கொடியில் ஒரு இலை கோணலாக இருந்தால், அடுத்த படத்திலும் அதே இடத்தில் அதே கோணலா என்று பாருங்கள். இருந்தால் அச்சு. எவ்வளவு தேர்ந்த கையும் ஒரே பிழையை ஒரே இடத்தில் இரண்டு முறை செய்யாது.

ஒன்று மட்டும் வேண்டாம்: விரலை நனைத்துத் தேய்த்துப் பார்ப்பது. வார்னிஷ் ஏறாத பட்டாவில் நிறம் கரைந்து வரும். அதன் பிறகு அந்தப் படம் உங்களுடையதுதான், விலையும் அவர் சொல்வதுதான்.

படி 3: நிறம்

வெள்ளை சங்குப்பொடி, கறுப்பு விளக்குக்கரி, சிவப்பு சாதிலிங்கக்கல், மஞ்சள் அரிதாரக்கல், எல்லாவற்றையும் பிடித்து நிறுத்த விளாம்பிசின். இந்த வரிசையில் பளீர் ரோஸுக்கும் வயலெட்டுக்கும் இடமில்லை. அவை கண்ணில் பட்டால் கடைச்சாயம் என்று கொள்ளுங்கள். கடைச்சாயத்தில் வரைந்ததும் கைவேலைதான், விலை மட்டும் அதற்கேற்ப இருக்க வேண்டும். மட்டமான கோடு போட்ட இயற்கைச் சாயப் படத்தைவிட, நல்ல கோடு போட்ட கடைச்சாயப் படம் மேல்.

சாதிலிங்கம் பாதரசம் கலந்தது, அரிதாரம் ஆர்சனிக் கலந்தது. சட்டத்துக்குள் சுவரில் தொங்கினால் தொல்லையில்லை. குழந்தை வாயில் வைக்கும் உயரத்தில் வேண்டாம்.

படி 4: விலை

அளவை வைத்து விலை பேசினால் ஏமாறுவீர்கள். ஓரடிப் படம் இரண்டு நாளிலும் முடியும், இருபது நாளும் ஆகும். "கித்னே தின் லகே?" (எத்தனை நாள் ஆயிற்று?) என்று இந்தியில் கேட்டு, நாளைக்கு இவ்வளவு என்று மனதில் கணக்குப் போடுங்கள். ஒரே கருப்பொருளில் மூன்று தரத்தைக் காட்டச் சொல்வது இன்னும் நல்லது. பல உயிர்களின் உறுப்புகள் சேர்ந்த புராண உருவமான நவகுஞ்சரம் நல்ல உரைகல்: சேவல் தலை, மயில் கழுத்து, காளைத் திமில், பாம்பு வால், தூக்கிய ஒரு மனிதக் கை. அந்தக் கையின் விரல்களைப் பாருங்கள். அவசர வேலையில் ஐந்தும் ஒட்டி மொத்தையாகிவிடும்.

சுவரில் தொங்கும் விருதுச் சான்றிதழ் அந்த வீட்டுக்குரியது. கையிலிருக்கும் படத்தை வரைந்தது மகனாகவோ மாணவராகவோ இருக்கலாம். அதில் தவறில்லை, யார் வரைந்தது என்று கேட்டு அதற்குரிய விலை கொடுங்கள். பின்பக்கம் பெயர், ஊர், தேதி எழுதி வாங்குங்கள், ஒடியாவில் எழுதினாலும் சரி. முதல் திண்ணையிலேயே முடித்துவிடாமல் தெருக்கோடி வரை ஒரு நடை போய்த் திரும்புங்கள்.

படி 5: ஊர் கொண்டுவருவது

பட்டாவை மடித்தால் சுண்ணப்பூச்சு அந்த மடிப்பிலேயே வெடிக்கும், ஒட்ட வழியில்லை. ஓரடிக்குள் என்றால் சுருட்டவே வேண்டாம்: பட்டர் பேப்பர் போர்த்தி, இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே வையுங்கள். பெரியதென்றால் படம் வெளிப்பக்கம் இருக்கும்படி 75 மில்லிமீட்டர் பிவிசி குழாயின் மேல் தளர்வாகச் சுற்றுங்கள். படத்தை உள்பக்கமாகச் சுற்றினால் பூச்சு நசுங்கிச் செதில் எழும். அதை அப்படியே 110 மில்லிமீட்டர் குழாய்க்குள் நுழைத்தால் மேலே என்ன விழுந்தாலும் கவலையில்லை. கடையில் கிடைக்கும் ஒல்லியான அட்டைக்குழாய் கூடவே கூடாது. நீளம் ஒன்றரை அடிக்குள் இருந்தால் விமானத்தில் கையோடு கொண்டுபோகலாம். செய்தித்தாள் மை ஒட்டும். பபிள் ராப் வார்னிஷில் வட்ட வட்டமாகத் தடம் பதிக்கும்.

படி 6: படத்துக்குச் சட்டம் போடுவது

சட்டம் போடுபவரிடம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: பிளைவுட்டில் ஃபெவிகால் தடவி ஒட்டக் கூடாது, லேமினேஷன் கூடாது. மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் மெல்லிய தாள் பட்டையால் தொங்கவிட்டால் போதும். கண்ணாடி படத்தைத் தொடாமலிருக்க நடுவே மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) வேண்டும். தொட்டால் மழைக்காலத்தில் வார்னிஷ் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் உரிந்து வரும்.

பின்சேர்க்கை: மழைக்காலத்தில் படத்தின் பின்னால் வெள்ளை வெள்ளையாகப் பூத்தால் அது பூஞ்சை. புளியங்கொட்டைப் பசை அதற்கு நல்ல தீனி. ஈரத்துணியால் துடைக்காதீர்கள். நிழலில், விசிறிக்காற்றில் இரண்டு நாள் வைத்துவிட்டு, காய்ந்த மென்தூரிகையால் தட்டிவிடுங்கள். அதன் பிறகு ஈரம் கசியும் வெளிச்சுவரை விட்டு உள்சுவரில் மாட்டுங்கள்.