பழைய மாருதியில் பெட்ரோல் ஒழுகுதா? சொட்டற இடத்தை நம்பாதீங்க

எங்க வீட்டு மாருதி 800, 1996 மாடல், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்குத் தர்ற பாகம்) வெச்ச வண்டி. கோபியிலிருந்து பண்ணாரி போய்ட்டுப் பொழுதோட வீடு திரும்பி, வாசல்ல நிறுத்திட்டு இறங்கினா பெட்ரோல் வாசம் மூக்கைத் துளைக்குது. குனிஞ்சு பார்த்தேன். முன் சக்கரத்துக்கு உள்பக்கமா ஒரு ரூபாய் காசு அகலத்துக்கு ஈரம். விரல வெச்சு மோந்து பார்க்கறதுக்குள்ள காஞ்சு போச்சு.

அந்த ஒரு ரூபாய் ஈரத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூணு வாரம் ஆச்சு. உங்களுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போதும்.

பழைய வண்டிக்காரங்க இப்ப இதுல கவனமா இருக்கணும். பங்க்ல 2022-ல 10 சதவீதமா இருந்த எத்தனால் கலப்பு 2025-ல 20 ஆகிடுச்சு. நம்ம வண்டி வந்த காலத்து ரப்பர் அதுக்குன்னு செஞ்சதில்லை. ஊதும், இளகும், அப்புறம் காஞ்சு வெடிக்கும். ஏற்கனவே முப்பது வருசம் எஞ்சின் சூட்டுல வெந்த ஹோஸ் வேற.

கை வைக்கறதுக்கு முன்னாடி

வண்டிய வெட்டவெளிக்குக் கொண்டு வாங்க. ஷெட்டுக்குள்ள வேண்டாம், சர்வீஸ் குழி மேல வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், குழியில போய் உக்காந்துக்கும். நம்ம பக்கம் டிராக்டர்ல டீசல் வேலை பார்த்துப் பழகின கை நிறைய. டீசல் பொறுத்துக்கும், பெட்ரோல் பொறுக்காது. எஞ்சின் ஆறட்டும், பேட்டரி மைனஸைக் கழட்டி வைங்க. குண்டு பல்பு போட்ட ஹேண்ட் லேம்ப் ஆகாது, எல்இடி டார்ச் போதும். பக்கத்துல பவுடர் வகை தீயணைப்பான் ஒண்ணு, இல்லைன்னா ரெண்டு வாளி மணல். தண்ணி எதுக்கும் உதவாது, எரியற பெட்ரோல் தண்ணி மேல மிதந்து பரவும்.

எப்ப ஒழுகுதுன்னு முதல்ல பாருங்க

ஸ்பேனர் எடுக்கற முன்னாடி ரெண்டு நாள் வண்டிய வெறுமனே கவனிங்க. ராத்திரி அடியில பழைய பேப்பர் விரிச்சு வைங்க. பெட்ரோல் காஞ்சாலும் கறை நிக்கும்.

எஞ்சின் ஓடறப்ப மட்டும் ஒழுகினா, பம்ப்லயோ பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவுலயோ கோளாறு. டேங்க் ரொப்பின அன்னைக்கு மட்டும் வாசம் வந்தா டேங்க் மேல்பக்கம், பெட்ரோல் ஊத்தற வாய்க்குழாய், பெட்ரோல் அளவு காட்டற கேஜ் யூனிட்டோட வாஷர். பம்புக்கு முந்தின ஹோஸ்ல வெடிப்புன்னா பல நேரம் ஒழுகவே ஒழுகாது. அங்க பம்ப் உறிஞ்சற வேலை நடக்குது. வெடிப்பு வழியா காத்தை இழுத்துட்டு, மேட்டுல வண்டி திணறும். ஒழுகலையேன்னு அந்தப் பக்கத்தை விட்டுறாதீங்க.

திருநீறு வைத்தியம்

பெட்ரோல் ஒரு இடத்துல கசியும், குழாயோட ஓடும், இன்னொரு இடத்துல சொட்டும். வண்டி ஓடறப்ப காத்து வேற அதைப் பின்னாடி தள்ளிரும். அதனால சந்தேகப்படற இடத்தையெல்லாம் ஷாம்பூ தண்ணியும் பழைய பிரஷ்ஷும் வெச்சுக் கழுவி நல்லா உலர விடுங்க. முப்பது வருச எண்ணெய் அழுக்கு மேல எதுவும் தெரியாது.

அப்புறம் மேல வெள்ளைப் பொடி தூவணும். அன்னைக்கு என் கைக்குக் கிடைச்சது சாமி மாடத்துல இருந்த திருநீறு. (பண்ணாரியில தர்றது புத்துமண், அது இதுக்கு ஆகாது. இது சென்னிமலைத் திருநீறு. அம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். இப்பல்லாம் சாக்பீஸைப் பொடி பண்ணி வெச்சுக்கறேன்.) ஹோஸ் மூட்டு, ஃபில்டர், பம்ப், கார்புரேட்டர் மூடி ஓரம்னு எல்லாத்துலயும் மெல்லிசா தூவிட்டு, பேட்டரிய மாட்டி எஞ்சினை ரெண்டே நிமிசம் ஓட விடுங்க. கை, துணி எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது. நிறுத்திட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. பொடி நனைஞ்சு கருத்திருக்கற இடங்கள்ல எது எல்லாத்துக்கும் மேல இருக்கோ அதுதான் ஊத்துக்கண்ணு. கீழ இருக்கற ஈரமெல்லாம் அதோட வாய்க்கால்.

நான் வழுக்கி விழுந்த இடம்

முதல் வாரம் பொடி கிடி எதுவும் இல்லாம, கண்ணுக்கு ஈரமாத் தெரிஞ்ச ஹோஸை மாத்தினேன். ரெண்டாவது வாரம் ஃபில்டரும் எல்லாக் கிளிப்பும் புதுசு. ஈரம் அங்கயே. அதுக்கப்புறம்தான் திருநீறு தூவினேன். மெக்கானிக்கல் பம்போட அடிப்பாகத்துல கம்பு மணி அளவுக்கு ஒரு ஓட்டை, அதைச் சுத்தி மட்டும் கருப்பா ஈரம். எனக்கு ஏகப்பட்ட சந்தோசம். பம்ப் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருச்சுன்னு முடிவு பண்ணி, எம்-சீல் பசையைப் பிசைஞ்சு அடைச்சேன். ஒழுகல் நின்னு போச்சு. அம்மாகிட்டப் பெருமையா சொல்லிக்கூட வெச்சேன்.

நாலு நாள் கழிச்சு எஞ்சின் சத்தம் ஒரு மாதிரி இருக்கேன்னு சத்தி ரோட்டுல ஒரு வயசான மெக்கானிக் அண்ணன்கிட்டக் காட்டினேன். பானட்டைத் தூக்கினவர் பம்பைத் தடவிப் பார்த்தார்.

"இது நீ வெச்ச பூச்சா கண்ணு?"

"ஆமாங்ண்ணா."

"அப்ப டிப்ஸ்டிக்கை உருவிப் பாரு."

எஞ்சின் ஆயில் அளவு பார்க்கற கம்பி அது. உருவினா, ஆயில் மேல் கோட்டுக்கு மேல ஒரு விரக்கடை ஏறி நிக்குது. மோந்தா பெட்ரோல் வாசம்.

அந்த ஓட்டை பம்ப் செய்யறப்பவே வெச்சது. பம்புக்குள்ள ஒரு டயாஃப்ரம், அதாவது சவ்வு, மேலயும் கீழயும் ஆடித்தான் பெட்ரோலை இழுத்துத் தள்ளுது. அது கிழிஞ்சா பெட்ரோல் கீழ் அறைக்கு இறங்கும். இறங்கினது வெளிய வந்து நமக்குச் சேதி சொல்லத்தான் அந்த வழி. அதை நான் அடைச்சதும், பெட்ரோல் கிடைச்ச இன்னொரு வழியில எஞ்சின் ஆயிலுக்குள்ள போயிருச்சு. பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணி மாதிரி, பேரிங்கைக் காப்பாத்தாது. அப்படியே ஒரு தடவை திம்பம் மலைப்பாதை ஏறியிருந்தா எஞ்சின் வேலைதான். அதனால அந்த ஓட்டையில ஈரம் பார்த்தா டிப்ஸ்டிக்கையும் பாருங்க. வாசம் வந்தா பம்ப் மாத்தறப்பவே எஞ்சின் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் சேர்த்து மாத்துங்க.

பம்ப் மாத்தறது

டயாஃப்ரம் மட்டும் மாத்தற கிட் கேட்டுப் பார்க்கலாம். என் ஓட்டு முழு பம்புக்குத்தான், ஒரே வேலைய ரெண்டு தடவை செய்ய எனக்குப் பொறுமை இல்லை. கழட்டற முன்னாடி ஒவ்வொரு ஹோஸ்லயும் வேற வேற கலர் நூல் கட்டுங்க. வர்றது, போறது, டேங்குக்குத் திரும்பறதுன்னு மூணு இருக்கு, மாறினா வண்டி எடுக்காது. கெட்டிப்பட்ட ஹோஸை இழுத்து மல்லுக்கட்டினா நிப்பிள் (ஹோஸ் மாட்டற குழாய் மூக்கு) வளையும். பிளேடால நீளவாக்குல கீறி உரிச்சு எடுங்க. உள்ள மிச்சம் இருக்கற பெட்ரோல் வழியும், கீழ எவர்சில்வர் போசி ஒண்ணு வைங்க. பிளாஸ்டிக் டப்பா வேண்டாம்.

பம்பை வெளிய இழுக்கறப்ப மெதுவா. பின்னாடி ஒரு சின்னத் தள்ளுகம்பி இருந்தா வழுக்கி விழும். பழைய கேஸ்கெட்டை முழுசாச் சுரண்டிட்டு, நடுவுல இருக்கற தடிமனான சூடு தடுக்கிற கட்டையோட புதுசை வைங்க. புது பம்ப் சரியா உக்காராம ஒரு பக்கம் தூக்கிட்டு நின்னா போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுக்காதீங்க. பம்பை ஆட்டற கேம் உச்சியில நிக்குதுன்னு அர்த்தம். டாப் கியர்ல போட்டு வண்டிய லேசாத் தள்ளி எஞ்சினை ஒரு சுத்து சுத்தினா தானா உக்காரும்.

ஹோஸ் விசயத்துல எனக்குப் பிடிவாதம் உண்டு. மேல எஸ்ஏஇ 30ஆர்7னு அச்சடிச்ச பெட்ரோல் ஹோஸ்தான் வாங்குவேன். கண்ணாடி மாதிரி தெரியற லெவல் டியூப் ஆறு மாசத்துல மஞ்சளாகி விறைச்சுக்கும். சொட்டுநீர்க் குழாய்த் துண்டு மாட்டின மொபெட்டையும் எங்க ஊர்ல பார்த்திருக்கேன், அதைப் பத்திப் பேச ஒண்ணுமில்லை. திருகிற புழு கிளிப் மெல்லிசு ஹோஸை வெட்டும், நட்டு போல்ட் வெச்ச சின்னப் பட்டைக் கிளிப்தான் நல்லது. ஹோஸை நிப்பிள் மேட்டைத் தாண்டி உள்ள தள்ளி, கிளிப்பை மேட்டுக்குப் பின்னாடி போடுங்க. மேட்டு மேலயே போட்டா வழுக்கிட்டு வந்துரும்.

டேங்கே ஓட்டைன்னா நிறுத்திக்கோங்க. வெல்டிங் பக்கம் தலை வெக்காதீங்க. ரொம்பின டேங்கை விட, ஆவி நிக்கற காலி டேங்க் மோசம். அதை முறையாக் கழுவி, ஆவி போக்கி வேலை செய்யற ஆள்கிட்ட விட்டுருங்க, இல்லை வேற டேங்க் மாட்டுங்க.

பிற்சேர்க்கை 1: பின்னூட்டத்துல ஒருத்தர், சொட்டு எதுவுமே இல்லை, ஆனா டேங்க் ரொப்பிட்டு மலை ஏறினா பின் சீட்ல வாசம் வருதுன்னு கேட்டிருந்தார். திம்பத்துல 27 கொண்டை ஊசி, வண்டி மூக்கைத் தூக்கிட்டே ஏறும், பெட்ரோல் டேங்க்ல பின்பக்கமா ஒதுங்கும். ஊத்தற வாய்க்கும் டேங்குக்கும் நடுவுல ஒரு தடி ரப்பர்க் குழாய் இருக்கு, அதோட அடிப்பக்கத்தைக் கையால அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். அமுக்கினதும் வாய் பிளந்திருக்கு. பங்க்லயும் தானா கட் ஆன உடனே போதும்னு சொல்லுங்க, ரவுண்டு தொகைக்கு அமுக்கி ஊத்த விடாதீங்க.

பிற்சேர்க்கை 2: 2000-க்கு அப்புறம் வந்த எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலா இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீச்சற) வண்டிக்கு இந்த முறை பொருந்துமான்னு மூணு பேர் கேட்டாச்சு. பொருந்தாது. அதுல பம்ப் டேங்குக்குள்ள, அழுத்தமும் பல மடங்கு. அழுத்தத்தை இறக்காம மூட்டைக் கழட்டினா மூஞ்சியில பீச்சும். ஹோஸும் 30ஆர்9 வேணும், கிளிப்பும் வேற.

பிற்சேர்க்கை 3: டேங்கைக் காலி பண்ண வாயில உறிஞ்சினதா ஒரு தம்பி எழுதியிருந்தார். நுரையீரலுக்குள்ள போனா ஆஸ்பத்திரிதான். கையால அமுக்கற சைஃபன் பம்ப் வாங்கிக்கோ தம்பி.